இரண்டாவது ஆழமான ஏரி

செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கக் கூடாது. முதல் பக்கத்தில் இருப்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதிலிருந்து கேள்வி வராது. ஏழாம் பக்கத்தில், ஒரு மெத்தை விளம்பரத்துக்குக் கீழே நாலு வரியில் ஒரு செய்தி ஒண்டிக்கொண்டிருக்கும். எந்த நாடு எந்த அமைப்பில் புதிதாகச் சேர்ந்தது, எந்தப் பறவை அருகிவரும் பட்டியலுக்குப் போனது என்று. கேள்வி அங்கேயிருந்துதான் வரும். உங்கள் வீட்டில் யாராவது குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்தால் சொல்லிவையுங்கள் மேடம். ஐந்து வருஷம் வாசித்தவள் சொல்கிறேன்.

விடைத்தாளில் இருக்கிற அந்த ஒன்பது வட்டங்களைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்றீர்கள். சொல்கிறேன். ஆனால் நேராக வட்டத்தில் ஆரம்பித்தால், ஏதோ கை தவறி நிரப்பிவிட்டேன் என்று உங்களுக்குத் தோன்றும். என் கை தவறாது. தட்டச்சு செய்கிற அம்மாவுக்கு நான் பேசுவது வேகமாக இருந்தால் சொல்லட்டும். நிறுத்தி நிறுத்திச் சொல்வது எனக்குப் பழகின வேலை.

அக்காவுக்கும் எனக்கும் ஆறு வயது வித்தியாசம். அப்பா லாரிகளை எடை போடும் எடைமேடையில் எழுத்தர். அம்மா வீட்டில் பள்ளிச் சீருடை தைக்கிறவர். இரண்டு அறை வீடு, முன்னறையில் பாதி தையல் மிஷின். அக்கா பட்டப்படிப்பில் பதக்கம் வாங்கியவள். அவள் அதிகாரியாவாள் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எப்போது என்பதுதான் பேச்சாக இருந்தது.

அவளுடைய இருபத்து நாலாவது வயதில் கருவிழி இரண்டும் மங்க ஆரம்பித்தன. முதலில் கரும்பலகை போனது, பிறகு பஸ்ஸின் எண், அதற்குப் பிறகு என் முகம். ஒரு வருஷத்துக்குள் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். கல்லூரியில் புவியியலுக்கு இடம் கிடைத்து, அந்தக் கடிதம்கூட வந்துவிட்டது.

பார்வை இல்லாதவர்களுக்குத் தேர்வில் பதில் எழுதித் தர ஒருவரை அனுமதிப்பார்கள். அவர் தேர்வு எழுதுகிறவரைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது உங்கள் தேர்வாணையத்தின் விதி. அப்பா அந்த விதியைத் தபால் அலுவலகத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்தார்.

"வேண்டாம்ப்பா, அவ படிக்கப் போகட்டும். வேற யாரையாவது பார்த்துக்கலாம்" என்று அக்கா சொன்னாள்.

நான்தான் போகவில்லை என்றேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இதைத் தனியாக ஒரு வரியில் போடச் சொல்லுங்கள்.

காலை ஆறு மணிக்குப் பேப்பர் வரும். ஒன்பது வரைக்கும் வாசிப்பேன். அம்மா மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டால் அதற்கு மேலே குரலை ஏற்ற வேண்டும், அதனால்தான் எனக்கு இப்போதும் கொஞ்சம் கத்திப் பேசுகிற பழக்கம். பத்து மணிக்குப் பயிற்சி மையம். அக்கா என் தோளில் கை வைத்துக்கொண்டு பின்னால் வருவாள். மதியத்துக்கு மேல் மாத இதழ்கள், வரலாறு, அரசியலமைப்பு, புவியியல். அவளுக்கு ஒரு தடவை வாசித்தால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வாள். ஐ.நா. பாதுகாப்பு அவையில் நிரந்தரமில்லாத உறுப்பினர்கள் எத்தனை பேர், எத்தனை வருஷம் என்று பாதித் தூக்கத்தில் கேட்டாலும் "பத்து பேர், ரெண்டு வருஷம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பாள். ஆனால் வாசித்தவளுக்கும் அது தெரியும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஒரு புத்தகத்தைச் சத்தமாக மூன்று தடவை வாசித்தால் யாருக்குத்தான் மனப்பாடமாகாது.

பயிற்சி மையத்தில் நடப்பு நிகழ்வுகள் எடுத்தவரை மாணவர்கள் தேதி சார் என்பார்கள். எதைச் சொன்னாலும் தேதியோடு சொல்வார். தன் கல்யாண நாளை மட்டும் மறந்துவிடுவார் என்பது அங்கே பழைய ஜோக். எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவர் அவர்தான். "ரேடியோ வந்தாச்சா, அப்ப ஆரம்பிக்கலாம்" என்பார். ஒருநாள் அவர் கேட்ட கேள்விக்கு அக்கா யோசித்துக்கொண்டிருந்தாள். நான் பதில் சொல்லிவிட்டேன். சரியான பதில்தான். "ரேடியோவே கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சா நாங்கல்லாம் எங்கம்மா போறது?" என்றார். வகுப்பே சிரித்தது, அக்காவும் சிரித்தாள். நல்ல நகைச்சுவைதான். நானும் சிரித்தேன்.

முதன்முதலாக மாற்றி வாசித்தது அதற்கு மறுநாள். திட்டம் போட்டுச் செய்யவில்லை. வட்டி விகிதம் பற்றி ஒரு பத்தி, அக்கா அதை நாலு தடவை வாசிக்கச் சொன்னாள். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஐந்தாவது தடவை கேட்டபோது அதை விட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போனேன். அடுத்ததாக ஒரு சைக்கிள் விளம்பரம்தான் இருந்தது. ஆகவே ஒரு சின்னத் தீவு நாட்டின் மீன்வளத்துறை அமைச்சர் ராஜினாமா செய்துவிட்டதாக வாசித்தேன். காரணமும் சொன்னேன், உடல்நலம் என்று.

அன்றைக்கு வகுப்பில் தேதி சார், "இந்த வாரம் பதவியை விட்டவங்க யார் யார்?" என்று கேட்டார். அக்கா முந்திக்கொண்டு அந்த அமைச்சரைச் சொன்னாள்.

"எந்தப் பேப்பர்லம்மா வந்துச்சு அது?"

ரெண்டு பேர் பின்னாலிருந்து சிரித்தார்கள். அக்காவின் கை மேஜைமேல் என் பக்கம் நகர்ந்து வந்து, பாதியில் நின்றது. "நான்தான் தப்பாக் காதுல வாங்கியிருப்பேன் சார்" என்றாள்.

வீட்டுக்குப் போகும்போது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னிடம் கேட்கக்கூட இல்லை. என்னைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் தன் காதைச் சந்தேகப்பட்டாள். அதுவரைக்கும் அது எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது.

முதல் தேர்வில் நான் எதுவும் செய்யவில்லை. நூறு கேள்வி, நூறு வட்டம், அவள் சொன்னது சொன்னபடி. இரண்டு மதிப்பெண்ணில் போய்விட்டது. முடிவு வந்த அன்று சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார், அம்மா மிஷினைத் தொடவில்லை. அக்கா என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். "நீ இல்லன்னா நான் எங்கடி போவேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அழுகையில் மூக்கு அடைத்து அவள் குரல் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். எங்கள் வீட்டில் அன்றைக்கு எல்லாருக்கும் துக்கம். எனக்கும் துக்கம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் ஆறு மணிக்குப் பேப்பர் வந்ததும் எடுத்து வாசிக்க ஆரம்பித்தபோதுதான், நான் நன்றாகத் தூங்கி எழுந்திருக்கிறேன் என்பது தெரிந்தது.

இரண்டாவது தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, தேதி சாரின் அறையில் அக்கா பேசிக்கொண்டிருந்தாள். நான் வெளியே ஜெராக்ஸ் எடுத்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"பாஸாயிட்டா வேலையில எனக்கு அரசாங்கமே ஒரு ரீடர் தரும்ல சார்? அப்புறம் இவளை விட்டுடலாம்."

'பாவம், அவ வயசுக்கு அவளும் ஏதாவது படிக்கட்டும்' என்றும் அக்கா சொன்னதாகச் சார் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். இருக்கலாம். எனக்கு விட்டுடலாம் என்பதுதான் கேட்டது.

யார் அந்த ரீடர், எப்படிப்பட்ட ஆள் என்று அவள் யோசித்த மாதிரி தெரியவில்லை. கண் தெரியாத ஒருத்திக்கு வாசிக்கிறவர் எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஒரு வரியை முழுங்கலாம், ஒரு வரியைச் சேர்க்கலாம். ஒரு அதிகாரி கையெழுத்துப் போடுகிற காகிதத்தில் அப்படிச் செய்தால் என்ன ஆகும். அந்த ஆபத்தை யாராவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

தேர்வன்று எங்களுக்குத் தனி அறை. அக்கா, நான், ஒரு கண்காணிப்பாளர். அவர் பள்ளிக்கூட ஆசிரியர் என்று நினைக்கிறேன். வாசலோரம் உட்கார்ந்து ஒரு கட்டு விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் கேள்வியை வாசிப்பேன், நாலு விடைகளையும் வாசிப்பேன். அக்கா எழுத்தைச் சொல்வாள். நான் அதைத் திரும்பச் சொல்லிவிட்டு வட்டத்தை நிரப்புவேன்.

பதினேழாவது கேள்வி, உலகின் மிக ஆழமான ஏரி எது.

"பைகால். பி" என்றாள்.

"பி" என்றேன். டி-யை நிரப்பினேன். டி டாங்கனிகா. அதுவும் ஏரிதான், ஆழத்தில் இரண்டாவது. ரொம்பத் தூரம் தள்ளிப் போகவில்லை.

பென்சில் தாளில் உரசும் சத்தம் எந்த வட்டத்துக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். அக்கா தலையைச் சாய்த்து அந்தச் சத்தம் முடியும்வரை காத்திருந்துவிட்டு, "ம், அடுத்தது" என்றாள். அந்த வருஷம் ஏழு வட்டம். அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த கேள்விகளில் மட்டும் மாற்றினேன். அவள் தயங்கிச் சொன்னதில் நான் கை வைக்கவில்லை, அவை எப்படியும் போகக்கூடியவை. மூன்று மதிப்பெண்ணில் தேறவில்லை.

இதன் பிறகுதான் எனக்குக் கொஞ்சம் சிரமம். தேதி சார் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு அவளிடம் ஒவ்வொரு பதிலாகக் கேட்டுக் கூட்டிப் பார்த்திருந்தார். அவர் கணக்குப்படி அவள் தேறியிருக்க வேண்டும். தேறவில்லை. அவர் ஆணையத்தைத் திட்டினார். அக்கா யாரையும் திட்டவில்லை.

"ஹால்ல நான் என்ன சொன்னேன்னு எனக்கே சரியா ஞாபகம் இல்லையோ என்னவோ. வெளியில வந்தப்புறம் சரியான பதிலைத்தான் சொன்னேன்னு நானா நினைச்சுக்கறேன் போல. நீ சொல்லேன், ஏரிக்கு நான் என்ன சொன்னேன்?"

"டி சொன்னேக்கா."

"டி-யா சொன்னேன்?"

"டென்ஷன்ல இருந்தேல்ல. விடு."

அதற்கப்புறம் அவள் மாறிவிட்டாள். மருந்துக் கடையில் ஞாபக சக்திக்கு ஒரு மாத்திரை வாங்கி வரச் சொன்னாள். ஒரு விஷயத்தை வாசித்ததும் மூன்று தடவை முணுமுணுத்துக்கொள்வாள், விரல்களை மடக்கிக்கொண்டே. முந்தாநாள் வாசித்ததை "இது எப்ப வாசிச்சோம்?" என்று கேட்பாள். அவளுக்கு அந்த நாள் சரியாகத்தான் தெரிந்திருக்கும், ஆனால் என்னிடம் கேட்டு உறுதி செய்துகொள்வாள். சில நேரம் நான் வாசிக்காத ஒன்றையே, "நேத்துத்தானேக்கா வாசிச்சேன், மறந்துட்டியா" என்பேன். அவள் முகம் வெளுத்துப்போகும். "ஆமாமா, வாசிச்சே" என்பாள். அப்புறம் அன்றைக்கெல்லாம் என் கையை விடமாட்டாள். அவளுக்கு அப்போது ஒரு துணை தேவைப்பட்டது. அது நான் இருந்ததால் கிடைத்தது.

பயிற்சி மையத்தில் யாரோ, போனே பேப்பரை வாசித்துக் காட்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். போட்டுப் பார்த்தேன். கி.மீ. என்று இருந்தால் கிமி என்று வாசித்தது, கல்லைக் கடித்துத் துப்புவதுபோல இருந்தது. "நம்ம போன்ல அது வராதுக்கா" என்றேன். வரும்.

இனிமேல் சொல்லப்போவதை நீங்கள் கேட்கவில்லை. அது உங்கள் ஆணையத்துக்குச் சம்பந்தமில்லாததும்கூட. ஆனால் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும்போது நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

அக்காவின் பெயர் கண் ஆஸ்பத்திரியில் ஒரு பட்டியலில் இருந்தது. இறந்தவர்களிடமிருந்து கருவிழி கிடைக்கும்போது வரிசைப்படி கூப்பிட்டு மாற்றுவார்கள். நரம்பெல்லாம் நன்றாக இருக்கிறது, கருவிழி மட்டும்தான் கெட்டிருக்கிறது, மாற்றினால் பார்வை வர நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எடைமேடை இரைச்சலில் அப்பாவுக்குப் போன் கேட்காது என்று என் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். வாரத்துக்கு ஒரு தடவையாவது அக்கா கேட்பாள், "ஆஸ்பத்திரியிலருந்து ஏதாவது வந்துச்சாடி?" சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்பாள், தபால்காரர் வந்தாரா என்கிற மாதிரி.

இரண்டாவது தேர்வு முடிவு வந்து நாலு மாதம் இருக்கும். காலை ஏழே முக்காலுக்குப் போன் வந்தது. நாங்கள் தலையங்கத்தில் இருந்தோம். நான் எழுந்து வாசலுக்குப் போய் எடுத்தேன்.

"உங்க அக்காவுக்குக் கருவிழி வந்திருக்கும்மா. பத்து மணிக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க. எதுவும் சாப்பிடக் குடுக்காதீங்க."

நல்ல குரல் அந்த நர்ஸுக்கு. தெளிவாக, அவசரமில்லாமல் பேசினார்.

"அவங்களுக்குக் காய்ச்சலா இருக்கு சிஸ்டர்" என்றேன்.

அப்படியானால் இந்தத் தடவை அடுத்தவருக்குப் போகும், உங்கள் இடம் அப்படியே இருக்கும், கவலைப்படாதீர்கள் என்றார். நன்றி சொன்னேன். உள்ளே வந்தேன்.

"யாருடி?"

"ராங் நம்பர்க்கா."

தலையங்கத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். தண்ணீர்ப் பங்கீடு பற்றியது. ஒன்பதரைக்கு அக்காவுக்குக் காலைச் சாப்பாடு எடுத்து வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டாள்.

ஏழு மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை, அக்கா பயப்படுகிறாள், வேண்டாம் என்கிறாள் என்று சொன்னேன். அப்படியானால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அன்று மதியம் அக்கா தூங்கும்போது போய் எழுதிக் கொடுத்தேன். பார்வை போனதிலிருந்து அவளுடைய விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் அவளுக்காகக் கையெழுத்துப் போடுவது நான்தான். அதனால் அதில் எனக்குக் கஷ்டம் இருக்கவில்லை. அந்தக் காகிதத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. சொந்த விருப்பம் என்று எழுதினேன். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள் மேடம். கொஞ்சம்தான் இருக்கிறது, முடித்துவிடுகிறேன்.

அந்த அறுவை சிகிச்சையில் எல்லாருக்கும் பார்வை வந்துவிடுவதில்லை. சிலருக்கு உடம்பு ஏற்றுக்கொள்ளாமல் போய்விடும். அதைப் பற்றி ஏழாம் பக்கத்தில் ஒரு தடவை வந்திருந்தது, நான் வெட்டி வைத்திருக்கிறேன். நம்பிக்கை கொடுத்துவிட்டு அப்புறம் பிடுங்கிக்கொண்டால் அவள் தாங்கமாட்டாள். நான் அதையும் யோசித்தேன். எப்போது யோசித்தேன் என்று கேட்டால், பிறகுதான்.

மூன்றாவது தேர்வில் ஒன்பது வட்டம். அதில்தான் நான் ஒரு தவறு செய்தேன். ஒன்பதையும் மாற்றிய பிறகு, அக்கா இரண்டு கேள்விக்குத் தப்பான பதில் சொன்னாள். சர்வதேச நீதிமன்றம் இருக்கிற நகரம் ஜெனீவா என்றாள். ஹேக் என்று நானே அவளுக்கு ஆறு தடவையாவது வாசித்திருப்பேன். இன்னொன்று ஒரு நதி. கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அந்த இரண்டையும் சரியாக நிரப்பினேன். தப்பான பதிலைத் தெரிந்தே நிரப்புவது வேறு விஷயம். ஹேக்கை ஜெனீவா என்று நினைத்துக்கொண்டு நிரப்புகிறவளாக நான் இருக்க முடியாது.

நாலு மதிப்பெண்ணில் போனது.

இந்த வருஷம் உங்கள் ஆணையம் விடைத்தாளின் படத்தையே இணையத்தில் போடும் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அறிவிப்பு எந்தப் பேப்பரிலும் வரவில்லை, உங்கள் இணையதளத்தில் மட்டும் இருந்தது. அது சரியில்லை என்று என் தனிப்பட்ட கருத்து.

அன்றைக்கு வகுப்பு முடிந்து பிற்பகல். அக்கா, "சாருக்கும் எனக்கும் டீ வாங்கிட்டு வாயேன்" என்று என்னை அனுப்பினாள். வாங்கிக்கொண்டு வந்தபோது அறைக் கதவு பாதி திறந்திருந்தது. தேதி சார் கணினி முன்னால் குனிந்திருந்தார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பத்து சி. பதினொண்ணு ஏ. பன்னெண்டு ஏ. பதிமூணு டி."

"ம். ம். ம். பதிமூணு... டி-யா சொன்னே?"

"டி சார்."

"இங்க ஏ இருக்கும்மா."

"குறிச்சுக்கங்க சார். பதினாலு பி."

நூறையும் சொன்னாள். எந்த இடத்திலும் தடுமாறவில்லை. டீ என் கையில் ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே போயிருக்கலாம், போகவில்லை. அவள் நினைவிலிருந்து நூறு பதிலையும் அப்படி வரிசையாகச் சொல்வதைக் கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

"மொத்தம் பதினோரு இடம் மாறியிருக்கு" என்றார் சார். "இதுல ஒம்பது நீ சரியாச் சொன்னது, இங்க தப்பா இருக்கு. இந்த ரெண்டுதான் எனக்குப் புரியல. நீ தப்பாச் சொல்லியிருக்கே, இங்க சரியா இருக்கு. கை தவறி ஒருத்தர் சரியான பதிலைப் போட முடியுமா என்ன?"

"எந்த ரெண்டு?"

"நீதிமன்றம். அப்புறம் அந்த நதி."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது என்று அவள் தோளைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். "போன வருஷத்தோட தாளும் இருக்கா சார்?" என்று கேட்டாள். இருந்தது. அந்த நூறையும் சொன்னாள். பதினேழாவதில் சார் நிறுத்தியபோது, "பைகால், பி" என்று இன்னொரு தடவை சொன்னாள். ஏழு இடம்.

அப்புறம், "அவ வந்துட்டாளா?" என்றாள்.

"வாசல்ல நிக்கிறாம்மா" என்றார் சார். அவர் என்னை ரேடியோ என்று சொல்லவில்லை.

கத்துவாள், கையில் கிடைத்ததை எறிவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து கையை நீட்டிக் கதவு வரைக்கும் தடவிக்கொண்டு வந்தாள். "டீயை அங்க வச்சுட்டு என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். வேறு யாருக்கும் அந்த வழி தெரியாதே.

எப்போதும்போல என் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தாள். கையில் கனமே இல்லை, விரல் நுனி மட்டும் பட்டுக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தம் தாண்டி, இரும்புக்கடைத் தெரு தாண்டி, எங்கள் தெருமுனைக்கு வந்தோம். பள்ளம் வந்த இடத்தில் நான் வழக்கம்போல "பள்ளம்க்கா" என்றேன். அவள் நின்றுவிட்டாள். காலால் தடவிப் பார்த்து, நிஜமாகவே பள்ளம் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு அப்புறம்தான் தாண்டினாள். எனக்கு அது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. பள்ளத்தைப் பற்றி நான் பொய் சொன்னதே இல்லை.

வீட்டு வாசலில், "போன வருஷம் ஹால்ல நான் பைகால்னுதானே சொன்னேன்?" என்றாள்.

"ஆமாக்கா."

"அப்ப எனக்கு மறதி இல்லை."

"இல்லக்கா."

அவள் படியில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். துக்கத்தில் அழுத மாதிரி எனக்குத் தெரியவில்லை. ரொம்ப நாள் தொலைந்துபோயிருந்தது கைக்குக் கிடைத்தால் அழுவோமே, அப்படி இருந்தது. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அம்மாவுக்குக் கேட்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தள்ளி உட்காரு என்று கையால் காட்டினாள். தள்ளி உட்கார்ந்தேன்.

மறுநாள் அவளும் தேதி சாரும் உங்களுக்குப் புகார் எழுதினார்கள். அப்பா இப்போது என்னிடம் பேசுவதில்லை. எடைமேடையிலிருந்து வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார். அக்கா பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். போன் அவளுக்கு வாசிக்கிறதாம். கிமி, கிமி என்று. இன்னும் இரண்டு தடவை அவள் தேர்வு எழுதலாம், எழுதப்போகிறாள் என்று கேள்விப்பட்டேன். நல்லதுதான். நான் தயார் செய்த பெண், தேறுவாள்.

போன வாரம் அவள் அம்மாவுக்குப் போன் செய்து, ஆஸ்பத்திரியிலிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டிருக்கிறாள். அம்மா என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். கேட்டால் பெயரை மறுபடி பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன், முன்பு எழுதிக் கொடுத்தது அவள் இல்லை என்று தெரிந்தால். அதைச் சொல்வது உங்கள் வேலையா என் வேலையா என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். ஏழு வட்டம், ஒன்பது வட்டம், அமைச்சர், இரண்டு போன், ஒரு கையெழுத்து. நான் அவளுக்கு எந்தக் கெடுதலும் நினைத்ததில்லை. ஐந்து வருஷத்தில் ஒருநாள்கூட நான் விடுமுறை எடுத்ததில்லை, காய்ச்சல் அன்றும் வாசித்திருக்கிறேன். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாக்குமூலத்தைப் புகார் கொடுத்தவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டிய பிறகுதான் கோப்பை முடிக்க முடியும் என்றும், அதற்கு வெளியாள் ஒருவரைத் தேடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னீர்கள். எதற்கு மேடம் அந்தச் சிரமம். முன்பின் தெரியாத ஒருவர் இதை எடுத்து ஒரே மூச்சில் கடகடவென்று வாசித்துவிட்டால் அவள் என்ன ஆவாள். என்னை விடுதிக்கு அழைத்துப் போங்கள், நானே வாசிக்கிறேன். அவள் மனசு நோகிற இடங்களை எப்படி வாசிக்க வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும்.